எரிமலை மண்ணும் வடியாத நீரும்



பாடசாலைகளிலே புவியியல் கற்கும் மாணவரை நோக்கி, "எரிமலை மண்ணின் இயல்பு யாது?" என்று வினவினால், "எரிமலை மண் வளம் மிக்கது" என்னும் விடை ஒரே குரலில் வரும். சாவகத்தின் நெல்வயல்களையும் வெசூவியசு மலைச் சாரலின் திராட்சைத் தோட்டங்களையும் அவர்கள் சான்றாகக் காட்டுவர். இவ்விடை பிழையன்று, ஆயினும் அது பாதி விடையே. மண் எப்பொருளால் ஆனது என்னும் வினாவுக்கு மாத்திரமே அது மறுமொழி கூறுகின்றது. அம்மண்ணின்மேல் விழுந்த மழைநீர் பின்னர் எங்கே சென்றது என்னும் இரண்டாவது வினாவை அது எழுப்புவதேயில்லை. நீர் வடிந்து செல்லும் இடத்திலே எரிமலைச் சாம்பல் ஒருவகை மண்ணாகின்றது. நீர் தேங்கி நிற்கும் இடத்திலே அதே சாம்பல் முற்றிலும் வேறான மண்ணாகின்றது. இந்த இரண்டாவது வகையைப் பற்றியே, சிறப்பாக ஆற்று வெள்ளச் சமவெளிகளிலே காடு மூடிக் கிடந்த நீர்வடியா எரிமலை மண்ணைப் பற்றியே, இன்று சில கூற விரும்புகின்றேன். நான் மண்ணியல் அறிஞனல்லன். கலைத்துறையிற் பட்டம் பெற்றுப் புவியியலும் வரலாறும் கற்பித்து வருபவன். ஆதலின் இரசாயனத்தை வேண்டிய அளவுக்கு மட்டும் தொட்டுச் செல்வேன்.

நமது தீவிலே எரிமலை இல்லை. ஆகவே இத்தகைய மண்ணை நாம் இங்கே தோண்டிப் பார்த்தல் இயலாது. எனினும் அதன் பயனை நாம் நாடோறும் அருந்துகின்றோம் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். நம் வீடுகளிலே தேநீரிற் கலக்கும் இறக்குமதிப் பால்மாவிற் பெரும்பகுதி நியூசீலாந்திலிருந்து கப்பலேறி வருவது. அந்நாட்டிலே பாற்பண்ணைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நிலம் வடதீவிலுள்ள வைக்காத்தோப் பிரதேசமும், அதற்கு வடகிழக்கே கடலை நோக்கி விரிந்து கிடக்கும் ஹௌராக்கிச் சமவெளியுமாகும். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் பசும்புல்லாகத் தோன்றும் அந்நிலத்தின் பெரும்பகுதி, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இடுப்பளவு சேற்றிலே நின்ற காடும் சதுப்பும் என்பதை அறிந்தாலன்றி அதன் மண்ணை விளங்கிக்கொள்ள முடியாது.

வடதீவின் நடுவே தௌப்போ என்றொரு ஏரி உண்டு. 616 சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள அவ்வேரி, உண்மையில் நீர் நிரம்பிய ஓர் எரிமலை வாயாகும். ஏறக்குறைய 25,500 ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வெரிமலை வெடித்தபோது ஆயிரம் கன கிலோமீற்றருக்கு மேற்பட்ட பொருளை வெளியே வீசியது. பின்னர் கி.பி. 232ஆம் ஆண்டளவிலே மீண்டும் ஒரு பெருவெடிப்பு நிகழ்ந்தது. அக்காலத்தில் நியூசீலாந்திலே மனிதர் குடியேறியிருக்கவில்லை. கண்டு சொல்ல ஆளில்லாத பேரழிவு அது. வெடிப்பினால் ஏரியின் வெளிவாயில் அடைபட்டுப்போக, நீர் உயர்ந்துகொண்டே சென்று ஒருநாள் அணையை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஏறக்குறைய 20 கன கிலோமீற்றர் நீர் வைக்காத்தோ ஆற்றின் வழியே இறங்கியதென ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். நீரில் மிதக்கும் நுரைக்கல்லையும் வெண்மணலையும் அவ்வெள்ளம் வாரிக்கொண்டு வந்து கீழ்ச்சமவெளிகளிலே பரப்பியது.

வைக்காத்தோ ஆறு 425 கிலோமீற்றர் நீளமுடையது. அந்நாட்டின் மிக நீண்ட ஆறு. ஆனால் அது என்றும் இன்றுள்ள வழியே ஓடியதன்று. முதலிற் கூறிய பழைய வெடிப்பின் பின்னர், மலைகளிலிருந்து கழுவுண்டு வந்த மணலும் சரளையும் அதன் படுக்கையை உயர்த்திக்கொண்டே வந்தன. ஹினுவேரா என்னும் பள்ளத்தாக்கின் வழியாக வடகிழக்கே ஹௌராக்கிச் சமவெளிக்குப் பாய்ந்துகொண்டிருந்த ஆறு, ஏறத்தாழ 22,000 ஆண்டுகளுக்கு முன்னர் கரைபுரண்டு மேற்கே திரும்பி, இன்று ஹமில்டன் நகரம் அமைந்துள்ள தாழ்நிலத்துட் புகுந்தது. புகுந்த இடத்திலும் ஒரே வாய்க்காலிலே அடங்கி ஓடாமல், இன்று இங்கும் நாளை அங்குமாகப் பின்னல் பின்னலாகப் பிரிந்து ஓடி மணலை நிரப்பியது. பின்னர் தன் படுக்கையை ஆழமாக வெட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. அது விட்டுச் சென்ற பரந்த வெளியிலே பழைய கிளையாறுகளின் கரைகள் சிறு மேடுகளாகவும், அவற்றின் இடையிலுள்ள பகுதிகள் ஆழமில்லாத தாழ்வுகளாகவும் எஞ்சின. அவற்றின்மேல் அடுத்து வந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பல எரிமலைகளின் சாம்பல் மெல்லிய போர்வையாகப் படிந்தது.

நேயர்களே, இந்த மேட்டிற்கும் தாழ்விற்குமிடையே உள்ள உயர வேறுபாடு எவ்வளவு என்று நினைக்கின்றீர்கள்? ஒரு மீற்றர், அல்லது இரண்டு மீற்றர். வண்டியிலே செல்பவன் ஏற்றம் இறக்கம் என்று உணரவும் மாட்டான். ஆனால் மண்வெட்டியை எடுத்துத் தோண்டுபவன் இரண்டு நாடுகளைக் காண்பான்.

மேட்டிலே உள்ள மண்ணுக்கு ஹொறோதியூ என்றும், தாழ்விலே உள்ள மண்ணுக்குத் தே கோவாய் என்றும் அந்நாட்டு மண்ணியலார் பெயரிட்டுள்ளனர்; இரண்டும் அயலிலுள்ள ஊர்ப்பெயர்கள். ஹொறோதியூ மண்ணின் மேற்படை கருங்கபிலம், அதன்கீழே மஞ்சட்கபிலம். கையில் எடுத்தால் பொலபொலவென உதிரும். கனமின்றி இலேசாக இருக்கும். மழை பெய்து சில மணி நேரத்தின் பின் அதன்மேல் காலணி நனையாமல் நடக்கலாம். தே கோவாய் மண்ணோ மேலே சாம்பல் கலந்த கருமை; சாணளவு தோண்டியதும் வெளிறிய சாம்பல் நிறக் களி; அக்களியிலே ஆங்காங்கே துருவின் நிறமுடைய செம்மஞ்சட் புள்ளிகள்; மங்கனீசு திரண்ட கருமணிகளும் இடையிடையே தென்படும். ஈரமாயிருக்கும்போது பிசுபிசுவென ஒட்டும், காய்ந்தால் இறுகும். மாரியில் குழியைத் தோண்டி விட்டு வீட்டுக்குச் சென்று திரும்பினால் குழியிலே நீர் ஊறி நிற்கும். ஒரே ஆறு கொணர்ந்த மணல், ஒரே வானம் பொழிந்த சாம்பல், ஒரே மழை. வேறுபாடு யாவும் நீர் வடிந்ததா, தேங்கியதா என்பதிலிருந்தே பிறந்தது.

அம்மழையும் ஒன்றும் பெருமழையன்று. ஹமில்டனில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,100 மில்லிமீற்றர் பெய்கின்றது. யாழ்ப்பாணத்து மழைக்கு இது பெரிதும் வேறன்று. ஆனால் யாழ்ப்பாணத்து மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே கொட்டி முடிந்துவிட, எஞ்சிய மாதங்களிலே வெயில் நிலத்தை உறிஞ்சிவிடுகின்றது. அங்கோ மழை ஆண்டு முழுவதும் பரந்து பெய்வது. குளிர்காலத்திலே இன்னும் மிகுதி. அக்காலத்து வெயிலுக்கு நீரை ஆவியாக்கும் வலு இல்லை. ஆகவே தாழ்நிலத்திலே நிலநீர் மட்டம் மாதக்கணக்கில் புல்லின் வேரைத் தொட்டுக்கொண்டே நிற்கும்.

நீர் நிற்கும் மண்ணிலே நிகழ்வது யாது? மண்ணின் நுண்துளைகளிலே காற்று இருக்கவேண்டிய இடத்தை நீர் பிடித்துக்கொள்கின்றது. அந்நீரிற் கரைந்துள்ள சிறிதளவு ஒட்சிசனை வேர்களும் நுண்ணங்கிகளும் சில நாட்களிலே உண்டு தீர்த்துவிடுகின்றன. ஆயினும் நுண்ணங்கிகள் சும்மா இருப்பதில்லை. மூச்சுவிடக் காற்றில்லாதபோது, முதலில் நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனையும், அடுத்து மங்கனீசு ஒட்சைட்டையும், அதன்பின் இரும்பு ஒட்சைட்டையும் அவை பயன்படுத்துகின்றன. மண்ணுக்குச் செம்மையும் மஞ்சளும் தருவது இரும்பு ஒட்சைட்டாகும். நுண்ணங்கிகள் அதனை மாற்றியதும் இரும்பு நீரிற் கரையும் வடிவத்தைப் பெற்று இடம்பெயர்கின்றது. மண் தன் நிறத்தை இழந்து சாம்பலாகவும் நீலச்சாம்பலாகவும் வெளிறுகின்றது. கோடையில் நீர்மட்டம் சற்று இறங்கும்போது, பழைய வேர் சென்ற துளை வழியாகவும் வெடிப்பின் வழியாகவும் காற்று நுழையும். நுழைந்த இடத்திலே கரைந்திருந்த இரும்பு மீண்டும் துருவாகி அங்கேயே தங்கிவிடும். அதுவே நாம் கண்ட செம்மஞ்சட் புள்ளி. நீர் நீங்காமலே நின்றால், முட்டை அழுகிய நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டும், ஈற்றில் மெதேன் வாயுவும் தோன்றும்.

இத்தகைய மண்ணுக்கு உலகமெங்கும் மண்ணியலார் வழங்கும் பெயர் கிளேய் என்பது. இது பண்டிதர் ஆக்கிய சொல்லன்று. ருசிய நாட்டுக் குடியானவர் நீலக்களிக்கு வழங்கிய சொல். 1905ஆம் ஆண்டிலே விசொத்ஸ்கி என்னும் அறிஞர் அதனை நூல்வழக்கிற்குக் கொண்டுவந்தார். நம் நாட்டு நெற்செய்கையாளருக்கும் இக்காட்சி புதிதன்று. நீர் கட்டி நின்ற வயலிலே நாற்றைப் பிடுங்கி நோக்கினால், சேறு சாம்பல் நிறமாயும் வேர் மட்டும் துருப்பிடித்தாற் போலவும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நெற்பயிர் தன் தண்டின் வழியே காற்றை வேருக்கு இறக்குகின்றது; அக்காற்றுப்பட்ட இடத்திலே இரும்பு துருவாகின்றது.

இனி, எரிமலை மண்ணுக்கே உரிய ஒரு விந்தையைக் கூறவேண்டும். எரிமலைச் சாம்பல் பெரும்பாலும் கண்ணாடித் துணுக்குகளாலானது. மழைநீர் அக்கண்ணாடியைச் சிறிது சிறிதாகக் கரைக்க, சிலிக்காவும் அலுமினியமும் வெளிப்படுகின்றன. மேட்டு நிலத்திலே நீர் விரைந்து வடியும்போது கரைந்த சிலிக்காவையும் கூடவே கொண்டுசென்றுவிடும். எஞ்சியுள்ள அலுமினியம் மிகுந்த பொருள் அலோபேன் என்னும் களியாகத் திரளும். வேறாகத் தோன்றுவது என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். அதன் துணிக்கை ஒவ்வொன்றும் உள்ளே வெறுமையான ஒரு சிறு பந்து; குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் இரண்டு இலட்சத்திலொரு பங்களவினது. எண்ணற்ற இப்பந்துகள் கூடிக் கடற்பஞ்சு போல நீரையும் காற்றையும் ஒருங்கே தாங்கி நிற்பதனாலேதான் மேட்டு மண் அத்தனை இலேசாகவும் பொலபொலப்பாகவும் இருக்கின்றது.

தாழ்விலே நீர் வடிவதில்லை. ஆகவே சிலிக்காவும் வெளியேற வழியின்றி அங்கேயே தங்குகின்றது. மேட்டிலிருந்து வடிந்து வந்த சிலிக்காவும் அதனோடு சேர்கின்றது. சிலிக்கா மிகுந்த அந்நீரிலே அலோபேன் தோன்றாமல் ஹலோய்சைட்டு என்னும் வேறொரு களி உருவாகின்றது. அதன் துணிக்கைகள் பெரும்பாலும் சுருட்டிய பாய் போன்ற நுண்குழல்கள். அக்களி நெருங்கிப் படிந்து துளைகளை அடைக்க, நீர் இன்னும் மெதுவாக வடியும். நீர் வடியாமையினாலே பிறந்த களி, நீர் வடியாமையை மேலும் வளர்க்கின்றது. எரிமலை மண் என்றாலே பஞ்சு போன்றது, நீரை உடனே உட்கொள்வது என்று நினைப்போர் இத்தாழ்வு மண்ணிலே ஒருமுறை கால்வைத்துப் பார்க்கவேண்டும்.

வளத்தைப் பற்றியும் ஒரு சொல். அலோபேன் மண் பொசுபேற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். உரமிட்டாலும் பயிருக்கு எளிதிலே விட்டுக்கொடாது. இன்னும் தெற்கே, தௌப்போவைச் சூழ்ந்த நுரைக்கல் நிலத்திலே பசும்புல் மேய்ந்த மாடுகளும் ஆடுகளும் மெலிந்து மடிந்தன. கோபாற்று என்னும் உலோகம் இம்மியளவும் போதாமையே காரணமென்பது 1930களிலேதான் தெளிவாயிற்று. தாழ்நிலக் களிமண்ணோ பொசுபேற்றை அத்துணை இறுகப் பற்றுவதில்லை. நைத்திரேற்றையோ நுண்ணங்கிகள் வாயுவாக்கிக் காற்றிலே விட்டுவிடும். ஆகவே எரிமலை மண் வளமானது என்று எழுதும் மாணவன், எந்த எரிமலையின் மண், எவ்வளவு நீர் நிற்கும் மண் என்று அடுத்த வரியிலே எழுதினாலன்றி முழுப்புள்ளி பெறத் தகுதியுடையவனல்லன் என்பது என் கருத்து. தேர்வாளர் உடன்படுவாரோ, அறியேன்!

இனிக் காட்டுக்கு வருவோம். ஆறு புதிதாக வண்டல் பரப்பிய சேற்று நிலத்திலே முதலில் வேரூன்றி நிலைப்பது கஹிக்காத்தியா என்னும் மரம். நியூசீலாந்து மரங்களிலே மிக உயரமானது இதுவே; அறுபது மீற்றர் வரை ஓங்கும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இலையோ செதில் போன்று சிறியது. அடிமரம் மடிப்பு மடிப்பாகப் பருத்து, வேர்கள் ஆழம் நோக்காமல் மேற்பரப்பிலே அகலப் பரந்து, அயல் மரத்தின் வேரோடு பின்னிக்கொள்ளும். காற்றில்லாத களியினுள்ளே இறங்குவதிற் பயனில்லை என்பதை அறிந்தது போல அது நடந்துகொள்கின்றது. தனிமரம் அச்சேற்றிலே சாயலாம். கூட்டமாய் நிற்பவை ஒன்றையொன்று தாங்கும். அதன் கன்றுகள் அடர்ந்த நிழலில் வளர்வனவல்ல. வெளிச்சமும் வெறும் வண்டலும் வேண்டுவன. ஆகவே வெள்ளம் ஒரு பகுதியை அழித்து வண்டலிட்டுச் சென்றால் அங்கே ஒரே வயதுடைய மரக்கூட்டம் எழும். வெள்ளத்தை அக்காட்டின் பகையென்று நினைத்தல் தவறு; வெள்ளமே அதன் விதைப்பாத்தி.

அதன்கீழே புக்காத்தியா என்னும் மரம் பலகை போன்ற வேர்களோடு நிற்கும். சதுப்பு மைரே என்று இன்னொரு மரம் உண்டு. அது சேற்றின்மேல் மூச்சுவேர்களை நீட்டுவது. நம் நாவல் மரத்தின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே சாதியைச் சேர்ந்தவை. 2017ஆம் ஆண்டிலே அந்நாட்டுக்குட் புகுந்த ஒருவகைத் துருநோய்ப் பூஞ்சணம் இன்று அம்மரத்தைக் கடுமையாக வாட்டி வருகின்றது.

ஆற்றுக்குத் தொலைவான நடுப்பள்ளங்களிலே, வண்டலும் எட்டாத இடங்களில், இறந்த தாவரம் உக்காமலே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகத் தேங்கி முற்றா நிலக்கரியாயிற்று. ஹௌராக்கிச் சமவெளியிலுள்ள கோப்புவாத்தாய் என்னும் சதுப்பு அத்தகையது. ஏறக்குறைய 10,000 ஹெக்டேயர் பரப்பிலே, பத்து மீற்றருக்கு மேற்பட்ட ஆழம் வரை அது படிந்துள்ளது. நடுவிலே குவிந்து, மழைநீரை மட்டுமே உண்டு வளர்வது. 1989ஆம் ஆண்டிலே ராம்சார் உடன்படிக்கையின் கீழ் அது சருவதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய சதுப்புக்களிலே குழாய் செலுத்தி மண்ணை வெளியே எடுத்தால், கருமையான படையினிடையே ஒவ்வொரு வெடிப்பின் சாம்பலும் வெண்கோடாகத் தோன்றும். மேட்டு மண்ணிலே வேரும் புழுவும் கலக்கிவிட்ட அச்சாம்பற் படைகளை, நீர் நின்ற மண் கலையாமற் காத்து வைத்திருக்கின்றது.

மாவோரி மக்கள் இவ்விரு மண்ணையும் நன்கு பிரித்தறிந்திருந்தனர். தம் கூமரா என்னும் வற்றாளைக் கிழங்கை அவர்கள் நீர் வடியும் மேட்டு மண்ணிலேதான் நட்டனர். அதிலும் மண் விரைவிலே சூடேற வேண்டுமென்று, கீழ்ப்படையிலிருந்து மணலையும் சரளையையும் தோண்டியெடுத்துச் சுமந்து வந்து மேலே பரப்பினர். தமஹேரே முதலிய இடங்களிலே அவர்கள் தோண்டிய குழிகளை இன்றும் காணலாம். ஆனால் தாழ்நிலத்தைப் பயனற்றதென்று அவர்கள் தள்ளவில்லை. விலாங்கு மீனும், காட்டுப் புறாவும், கஹிக்காத்தியாவின் செம்பழமும், நார் தரும் தாவரங்களும் அங்கிருந்தே கிடைத்தன. இவற்றினும் என்னைக் கவர்ந்தது வேறொன்று. நாரினால் நெய்த ஆடைக்குக் கருநிறம் ஏற்ற அவர்கள் சதுப்பிலுள்ள ஒருவகைக் கருஞ்சேற்றைப் பயன்படுத்தினர். அதற்குப் பாரு என்று பெயர். மரப்பட்டை அவித்த துவர்ச்சாற்றிலே நாரைத் தோய்த்து, பின்னர் அச்சேற்றிலே அமிழ்த்தி எடுத்தால் அழியாக் கருமை ஏறும். சேற்றிலே கரைந்து நிற்கும் இரும்பும் பட்டையின் துவர்ப்பும் கூடியதன் விளைவு அது. கடுக்காயையும் இரும்பையும் கூட்டி மை காய்ச்சிய நம் முன்னோர் கையாண்ட வித்தையும் இதுவே. மேலே நாம் கூறிய கிளேய் மண்ணின் இரசாயனத்தை, நூல் எழுதாமலே, அவ்விரு கூட்டத்தாரும் கையால் அறிந்திருந்தனர்.

1769ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே கப்டன் ஜேம்ஸ் குக் ஹௌராக்கிச் சமவெளியிலுள்ள வைஹோ ஆற்றிலே படகேறிச் சென்றார். கரையிலே நின்ற மரங்களின் உயரம் அவரை வியக்கவைத்தது. ஒரு மரத்தை அளந்தார்; நிலத்திலிருந்து ஆறடி உயரத்திலே சுற்றளவு 19 அடி 8 அங்குலம்; முதற்கிளை வரை உயரம் 89 அடி. கப்பற் பாய்மரத்துக்கு ஏற்றதென அக்காலத்தவர் நம்பினர். பின்வந்தோர் வெட்டிப் பார்த்தபோது, ஈரத்திலே விரைந்து உக்கும் மென்மரம் அதுவெனக் கண்டு கைவிட்டனர். அதனால் இன்னும் ஒரு நூற்றாண்டு காலம் அக்காடு பிழைத்தது.

பிழைத்த காட்டை அழித்தது குளிரூட்டி. 1882ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே டனீடின் என்னும் கப்பல் உறைந்த இறைச்சியையும் சிறிது வெண்ணெயையும் ஏற்றிக்கொண்டு நியூசீலாந்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. வெண்ணெயை உலகின் மறுபக்கத்திற்குக் கெடாமல் அனுப்பலாம் என்று தெரிந்ததும், அதனை அடைக்கப் பெட்டி வேண்டியதாயிற்று. வெண்ணெய் அயலிலுள்ள மணத்தை உடனே ஏற்கும் பொருள். கஹிக்காத்தியாவின் மரமோ வெண்மையானது, இலேசானது, மணமேயில்லாதது. ஐம்பத்தாறு இறாத்தல் வெண்ணெய் கொள்ளும் பெட்டிகளாக அக்காடு அறுக்கப்பட்டது. அயல்நாடான அவுஸ்திரேலியாவுக்கும் மரம் சென்றது. வெட்டிய நிலத்தை வடித்தால் புல் வளரும்; புல்லை மாடு மேயும்; மாட்டின் வெண்ணெயை அதே நிலத்து மரத்தாற் செய்த பெட்டியிலே அடைக்கலாம். இத்துணைப் பொருத்தமான அழிவு உலகிலே வேறெங்கேனும் நிகழ்ந்ததோ என்று நான் எண்ணுவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மரம் அருகிவிட, கடதாசி அட்டைப் பெட்டி அவ்விடத்தைப் பிடித்தது. முன்னிருந்த கஹிக்காத்தியாக் காட்டில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கே.

நிலத்தை வடிக்கும் வேலை அரசினர் வேலையாயிற்று. 1908ஆம் ஆண்டிலே ஹௌராக்கிச் சமவெளிச் சட்டம் நிறைவேற, வாய்க்கால்கள் வெட்டப்பட்டன; ஆற்றோரங்களிலே அணைக்கட்டுகள் எழுந்தன; கடல்நீர் ஏறாதபடி கதவுகள் அமைந்தன. 1910ஆம் ஆண்டிலே சீட்டுக் குலுக்கி முதற் குடியேற்றக்காரருக்கு நிலம் பங்கிடப்பட்டது. அவர்கள் வாழ்வு எளிதன்று. குதிரையின் குளம்பு சேற்றிலே புதையாதிருக்க அகன்ற பலகை கட்டவேண்டியிருந்தது. வாய்க்கால் மட்டும் போதாமையால் நிலத்தடியே மட்குழாய் பதித்தனர். உரத்துக்கோ, பசிபிக்கு நடுவேயுள்ள நவுறு முதலிய சிறு தீவுகளின் பொசுபேற்றுப் பாறையைப் பிளந்து கொண்டுவந்தனர். ஒரு தீவின் மண்ணைச் செப்பனிட இன்னொரு தீவின் முதுகு உரிக்கப்பட்டது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

இவ்வுழைப்பினாலே சிறந்த புல்வெளி உண்டாயிற்று என்பதை மறுத்தல் நேர்மையன்று. வடித்த தாழ்நிலக் களிமண், கோடையிலும் ஈரம் காத்துப் புல் தரும். ஆனால் மாரியில் அதன்மேல் மாடுகளை விட்டால் குளம்பு பட்ட இடமெல்லாம் சேறாகி, துளைகள் நசுங்கி, மண் மூச்சிழந்துபோகும். ஒரு மழைநாளிலே செய்த தவறு அவ்வாண்டுப் புல்லையே குறைக்கும். ஆகவே அங்குள்ள பண்ணையாளர் மாரியிலே மாடுகளைச் சில மணி நேரம் மட்டும் மேயவிட்டு, பின்னர் கற்றளம் இட்ட இடத்திலே கட்டிவைக்கின்றனர்.

முற்றா நிலக்கரி மண்ணின் கதை இதனினும் கவலை தருவது. நீருள் அமிழ்ந்திருந்தவரை உக்காதிருந்த அப்பொருள், நீர் நீங்கிக் காற்றுப் பட்டதும் உக்கிக் காபனீரொட்சைட்டாகி வான் நோக்கிப் போகின்றது. வைக்காத்தோவிலே வடிக்கப்பட்ட அத்தகைய நிலம் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு சென்றிமீற்றர் வீதம் தாழ்ந்து வருவதாக அளந்துள்ளனர். ஐம்பது ஆண்டுகளிலே ஒரு மீற்றர்! நிலம் தாழ்ந்தால் வாய்க்கால் ஆழம் போதாது. வாய்க்காலை ஆழமாக்கினால் நிலம் மேலும் தாழும். ஹௌராக்கிச் சமவெளியின் சில பகுதிகள் இப்பொழுதே கடலின் ஏற்றமட்டத்துக்குக் கீழே உள்ளன. அங்கே அணைக்கட்டும் நீரிறைக்கும் பொறியும் நின்றால் வயல் இல்லை. கடல்மட்டமோ உயர்ந்துகொண்டிருக்கின்றது. இதனாலே வாய்க்கால் நீரை முற்றாக வடியவிடாமல், இயன்றவரை உயர்த்தி வைத்துப் பண்ணை நடத்துமாறு இன்று அங்கே அறிவுறுத்துகின்றனர். நூறாண்டு காலம் நீரை வெளியேற்றியவரின் பேரர், நீரை மறித்து வைக்கக் கற்றுக்கொள்கின்றனர்.

ஹமில்டன் நகரத்தினுள்ளே குளோட்லாண்ட்ஸ் என்னுமிடத்திலே ஐந்து ஹெக்டேயர் அளவான ஒரு கஹிக்காத்தியாச் சோலை இன்னும் நிற்கின்றது. சுற்றிலும் வீதிகளும் வீடுகளும். வெள்ளம் வருவதில்லை, நிலநீரும் முன்போல் உயர்வதில்லை. பெருமரங்கள் உயிரோடிருக்கின்றன, ஆனால் அவற்றின் நிழலிலே எழும் கன்றுகள் பெரும்பாலும் உலர்நிலத்தை விரும்பும் வேறு மரங்களின் கன்றுகள். நகரத்தார் அங்கே மண்ணை மிதிக்காதபடி பலகைப் பாதை அமைத்துள்ளனர். இவ்வாறு வடிந்துபோன நிலத்திலும், பாதையோரத்து மண்ணைச் சாணளவு தோண்டினால் சாம்பல் நிறக் களியும் துருப்புள்ளிகளும் தென்படும். மண்ணின் இந்நிறம் எளிதில் அழிவதில்லை. நீர் சென்று பல்லாண்டு கழிந்த பின்னும், முன்னொருகால் நீர் எம்மட்டம் வரை நின்றதென்பதை அப்புள்ளிகளின் உயரத்தைக்கொண்டு மண்ணளப்போர் இன்றும் கூறிவிடுகின்றனர்.